என்ன வேணும்?

டிசம்பர் 18, வியாழன்

காலையில் குடும்ப நீதிமன்றம். பெயரைக் கூப்பிட்டார்கள். இருவருக்கும் சம்மதம்தானா என்று கேட்டார்கள். ஆமாம் என்றோம். எனக்கும் நவநீதனுக்கும் நடந்த கல்யாணம் அத்தோடு முடிந்தது. இதற்காகவே அவன் தோஹாவிலிருந்து லீவு போட்டு வந்திருந்தான். வெளியே வந்ததும் டீ குடிக்கலாமா என்று கேட்டான். குடித்தோம். சர்க்கரை அதிகம்.

மதியம் ஆபீஸ். விஸ்வம் சார் புது வேலை ஒன்றை என் தலையில் கட்டினார். எங்கள் கம்பெனி தயாரிப்பது ஒரு கிராஃப் டேட்டாபேஸ். ஆட்களைப் புள்ளிகளாகவும் அவர்களுக்குள் இருக்கும் தொடர்பைக் கோடுகளாகவும் வைத்துக்கொள்ளும். அதை ஒரு கல்யாணத் தகவல் மையம் வாங்கப் போகிறது. அவர்களுக்கு இருக்கும் ஒரே கவலை முறை. பங்காளி முறையில் வருகிற பையனைத் தவறிப்போய்க்கூடப் பெண்ணுக்குக் காட்டிவிடக்கூடாது. காட்டினால் செருப்போடு வருவார்கள் என்று சார் சிரித்தார். குடும்பத்தார் எழுதிக் கொடுப்பது இன்னாருக்கு இன்னார் அப்பா, இன்னாருக்கு இன்னார் மனைவி என்பது மட்டும்தான். மற்ற உறவுகளை டேட்டாபேஸுக்குள் ஓடும் எஞ்சின் தானே ஊகித்துக் கோடு போட வேண்டும். அதற்கான விதிகளை நான் எழுத வேண்டும். பொங்கலுக்கு முன்னால்.

நல்ல நேரம் பார்த்துக் கொடுத்தீர்கள் என்று சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டேன். காலையில் பல் டாக்டரிடம் போனதாக அவரிடம் சொல்லியிருந்தேன்.

டிசம்பர் 19, வெள்ளி

முதலில் சொற்களை வரையறுக்க வேண்டும். இதற்கு ஆன்டாலஜி என்று பெரிய பெயர் வைத்திருக்கிறார்கள். எந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று, ஒன்றுமே தெரியாத ஒருவனுக்குச் சொல்வதுபோல் எழுதிவைப்பதுதான் அது. அப்பாவின் அண்ணன் பெரியப்பா. அப்பாவின் அக்கா தங்கை அத்தை. கணவனின் அம்மாவும் அத்தை. இப்படியே போகிறது. எழுதி முடித்ததும் எஞ்சின் விதிகளைத் திரும்பத் திரும்ப ஓட்டும். இனிப் புதிதாக ஒரு கோடும் வராது என்ற நிலைக்கு வந்ததும் நின்றுவிடும்.

சோதித்துப் பார்க்க ஒரு குடும்பம் வேண்டும். கற்பனைப் பெயர்களை யோசிக்கச் சோம்பலாக இருந்ததால் என் குடும்பத்தையே போட்டேன். கல்யாணக் கோட்டையும் சேர்த்துத்தான் போட்டேன். அது நேற்றோடு செல்லாது என்பது சாப்பிடும்போது ஞாபகம் வந்தது. சோதனைக்குத்தானே, இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

இரண்டு பேரைக் கொடுத்து என்ன உறவு என்று கேட்கும் குவெரிக்கு ‘என்ன வேணும்’ என்று பெயர் வைத்தான் ஜெரால்டு. அவன் எங்கள் டெஸ்டர், நாகர்கோவில்காரன். அவங்க உங்களுக்கு என்ன வேணும் என்றுதானே ஊரில் கேட்கிறார்கள் என்றான். சரிதான்.

டிசம்பர் 22, திங்கள்

அப்பா தனக்குத் தானே கூடப் பிறந்தவர் ஆகிவிட்டார்.

தவறு என்னுடையது. கூடப் பிறந்த உறவு இருபக்கமும் செல்லும் என்று ஒரு விதி. கூடப் பிறந்தவருக்குக் கூடப் பிறந்தவர் நமக்கும் கூடப் பிறந்தவர் என்று இன்னொன்று. எஞ்சின் அப்பாவிடம் கிளம்பித் தங்கைக்குப் போய், தங்கையிடமிருந்து திரும்பி அப்பாவிடமே வந்துசேர்ந்தது. யாரும் தனக்கே உறவாக முடியாது என்று ஒரு நிபந்தனை சேர்த்தேன். அப்பாவைக் கேட்டிருந்தால் ஆட்சேபித்திருக்க மாட்டார். அவர் தன்னைத் தவிர வேறு யார் பேச்சையும் கேட்கிற ஆள் இல்லை.

டிசம்பர் 23, செவ்வாய்

கோபியிலிருந்து அழைப்பு. நவநீதனின் அம்மா. மீட்டிங்கில் இருந்தேன். மீட்டிங் முடிந்த பிறகும் திருப்பிக் கூப்பிடவில்லை. வரும் வழியில் துவரம்பருப்பும் பாத்திரம் தேய்க்கும் சோப்பும் வாங்கினேன்.

டிசம்பர் 26, வெள்ளி

தகவல் மையத்திலிருந்து புதுக் கோரிக்கை. மறுமணத்துக்குப் பதிகிறவர்கள் நிறைய வருகிறார்களாம். பழைய கல்யாணக் கோட்டை அழித்தால் அதன் வழியாக வந்த உறவுகளும் போய்விட வேண்டும். இப்போது போவதில்லை. ஏனென்றால் ஊகித்த கோடுகளை எஞ்சின் அப்போதே எழுதி வைத்துக்கொள்கிறது. கேட்கும்போதெல்லாம் உட்கார்ந்து யோசித்தால் நேரமாகும் என்று நான்தான் அப்படிச் செய்தேன். எழுதி வைத்தது தானாக அழியுமா என்ன?

“ஒண்ணு விடாமத் தொடச்சிடணும் வாணி” என்றார் விஸ்வம் சார்.

செய்துவிடலாம் என்றேன். இதற்கு என்னைவிடப் பொருத்தமான ஆள் ஆபீஸில் இல்லை என்பது அவருக்குத் தெரியாது.

டிசம்பர் 28, ஞாயிறு

பெருந்துறை போனேன். அம்மா இறந்த பிறகு அப்பா அங்கே தனியாகத்தான் இருக்கிறார். ரசம் வைத்திருந்தார், புளி தூக்கல். சாப்பிட்டு முடித்ததும் கேட்டேன்.

“இந்த வருசம் பொங்கச் சீரு எப்பங்கப்பா குடுக்கப் போறீங்க?”

“என்ன சீரு? அதான் தீத்து உட்டாச்சல்ல.”

நவநீதனின் அம்மா என் அப்பாவின் ஒரே தங்கை. அத்தை மகனைத்தான் நான் கட்டியிருந்தேன். இதை இங்கே இதுவரை எழுதவில்லை. எனக்குத் தெரிந்ததுதானே என்று இருந்துவிட்டேன். ஒவ்வொரு வருடமும் பொங்கலுக்கு முந்தின வாரம் அப்பா சேலை, வெல்லம், ஒரு கட்டுக் கரும்பு எல்லாம் எடுத்துக்கொண்டு கோபிக்குப் போவார். அதற்கு முன்னால் என்னைக் கூப்பிட்டு, சேலை என்ன கலர் வேணும்னு அவகிட்டக் கேளு என்பார். தங்கையிடம் நேராகக் கேட்க அவருக்கு வராது. ஆனாலும் அவருக்குப் பிடித்ததைத்தான் எடுப்பார்.

“தீத்து உட்டது எனக்கும் நவநீதனுக்குந்தானுங்கப்பா. உங்களுக்கு இல்லையே.”

“கட்டிக் குடுத்த ஊடே இல்லைன்னு ஆயிப்போச்சு. அப்பறம் என்ன ஒறவு, ஒறம்பரை? அன்னிக்குப் பெரியவங்க உக்கோந்து பேசறப்ப, கம்முன்னு தலையக் குனிஞ்சுட்டு உக்கோந்திருந்தா. உனக்காக ஒரு வார்த்தை பேசுனாளா? என்ற கூடப் பொறந்தவளாட்டவா இருந்தா? இனி அவ எனக்கு ஒண்ணும் வேண்டாம்.”

அவர் சொன்னது பொய் இல்லை. அன்றைக்கு நான் அத்தையைப் பார்த்தேன். அவர் புடவை நுனியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கோபம் எனக்கும் இருக்கிறது.

அத்தை என்று எழுதிவிட்டேன். வேறு எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

டிசம்பர் 30, செவ்வாய்

அழிக்கும் பகுதி தயார். கல்யாணக் கோட்டை அழித்ததும் அதைக் காரணமாக வைத்து வந்த கோடுகளும், அந்தக் கோடுகளைக் காரணமாக வைத்து வந்தவையும் ஒன்றன்பின் ஒன்றாகப் போயின. கணவன், காலமான மாமா, கோபி வழியாக வந்த சொந்தம் முழுவதும். டெஸ்ட் பாஸ். கண்ணை மூடித் திறப்பதற்குள் முடிந்துவிட்டது. கோர்ட்டுக்கு ஒன்றரை வருடம் ஆனது.

ஜனவரி 1, வியாழன்

விடுமுறை. துணி துவைத்தேன். கோபி எண்ணிலிருந்து அழைப்பு. எடுக்கவில்லை.

ஜனவரி 2, வெள்ளி

ஜெரால்டு நாற்காலியை உருட்டிக்கொண்டு பக்கத்தில் வந்தான்.

“இதப் பாத்தியளா? கல்யாணத்த அழிச்சா இந்த அத்தையும் கூடவே போயிருதாங்க.”

“போகணும். மாமியார்தானே?”

“மாமியார் மட்டுமா? இவங்க அப்பாக்க தங்கச்சியும்லா? கல்யாணம் முறிஞ்சா அப்பாவுக்குத் தங்கச்சி இல்லாம ஆயிருமா?”

விதிகளைத் திறந்து பார்த்தேன். அவன் சொன்னது சரி. அப்பாவின் தங்கை என்ற வழியிலும் அத்தை வரும். கணவனின் அம்மா என்ற வழியிலும் அத்தை வரும். சொல் ஒன்று என்பதால் எஞ்சின் ஒரே கோட்டைத்தான் வைத்திருந்தது. காரணம் என்ற இடத்தில் கடைசியாக வந்ததை மட்டும் குறித்திருந்தது. அந்தக் காரணம் போனதும் கோட்டையும் தூக்கிவிட்டது. இன்னொரு காரணம் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லி நான் எழுதவில்லை. வேறு மொழியில் இரண்டுக்கும் இரண்டு சொல் இருந்திருக்கும், இந்தத் தவறே நடந்திருக்காது.

“எங்க ஊர்ல மாமிம்பாங்க. சொல்லு எதுவா இருந்தா என்ன, ஆளு ஒண்ணுதான” என்றான். பிறகு, “ஆமா, இது யாரு குடும்பம்?” என்று கேட்டான்.

“டெஸ்ட் டேட்டா. பேரு யோசிக்கச் சோம்பல், என் பேரையே போட்டுட்டேன்” என்றேன்.

அவன் போன பிறகு என் பெயரையும் அத்தை பெயரையும் கொடுத்து நானே ஒருமுறை ஓட்டிப் பார்த்தேன். வாணி, ருக்குமணி, என்ன வேணும்? திரையில் ‘உறவு இல்லை’ என்று வந்தது. பாத்ரூமுக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

ஜனவரி 3, சனி

நவநீதனிடமிருந்து மெசேஜ். அம்மாவுக்குப் பித்தப்பையில் கல், ஒன்பதாம் தேதி இங்கே கோயமுத்தூரில் ஆபரேஷன், பக்கத்து வீட்டு அக்கா கொண்டுவந்து சேர்ப்பார், அன்றைக்கே அவர் திரும்பிவிடுவார், தனக்கு மறுபடி லீவு கிடைக்கவில்லை, உன்னிடம் கேட்கும் உரிமை எனக்கு இல்லை, தகவலுக்குச் சொல்கிறேன். அலுவலகக் கடிதம் மாதிரி எழுதியிருந்தான். பதில் போடவில்லை. ஃபிரிட்ஜைத் துடைத்தேன். அது சுத்தமாகத்தான் இருந்தது.

ஜனவரி 5, திங்கள்

விஸ்வம் சாரிடம் தவறைச் சொன்னேன். அவர் அலட்டிக்கொள்ளவில்லை.

“கணவனோட அம்மாவுக்கு மாமியார்னு தனிச் சொல் வெச்சிடுங்க. அத்தை வேற, மாமியார் வேற. அஞ்சு நிமிஷ வேலை.”

அது சரிவராது என்றேன். அத்தையைப் பிரித்தால் மாமாவைப் பிரிக்க வேண்டும். மாமாவைப் பிரித்தால் மருமகளைப் பிரிக்க வேண்டும். பெண்ணுக்கு அண்ணன் மகளும் மருமகள்தான், மகனைக் கட்டியவளும் மருமகள்தான். எங்கள் பக்கத்து உறவுச் சொற்களில் பாதி இப்படித்தான் இரண்டு வேலை பார்க்கிறது. சொல்லை உடைக்காமல் எஞ்சினைச் சரிசெய்கிறேன், வியாழன் வரை நேரம் கொடுங்கள் என்றேன். கொஞ்சம் சத்தமாகச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. “கொடுத்தாச்சு, கொடுத்தாச்சு” என்று கையைத் தூக்கினார்.

அவரிடம் சொல்லாதது ஒன்று உண்டு. கல்யாணமான மறுநாள் காலையில் சமையலறைக்குப் போய், “அத்தை, காப்பி” என்றேன். முதல் நாளும் அதே சொல்தான். நான் பாவாடை கட்டின காலத்திலிருந்தே அதே சொல்தான். புகுந்த வீட்டில் ஒருத்தியைப் புதிதாக எப்படிக் கூப்பிடுவது என்ற கஷ்டம் எனக்கு மட்டும் இருக்கவில்லை. எனக்கு அத்தையைப் பிடிக்கும். நவநீதனைப் பிடிப்பதற்கு முன்னாலேயே பிடிக்கும்.

சாயங்காலம் ஆபீஸ் மாடிப்படியில் நின்று கோபிக்கு போன் போட்டேன்.

“நான் வாணிங்க அத்தை.”

“பேரு வந்துச்சு. எத்தன தடவ கூப்பட்டேன்?”

“மீட்டிங்குங்க.”

“பத்து நாளா மீட்டிங்கா கண்ணு?”

வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரிக்கு வருகிறேன் என்றேன்.

“உங்கப்பனுக்குத் தெரியுமா?”

“இன்னும் சொல்லலைங்க.”

“செரி. வர்றப்ப ஒரு தலகாணி எடுத்துட்டு வா. ஆஸ்பத்திரித் தலகாணி எனக்கு ஆகாது.”

ஜனவரி 6, செவ்வாய்

லீவு கேட்டேன். யாருக்கு என்றார் விஸ்வம் சார். அத்தைக்கு ஆபரேஷன் என்றேன்.

“அத்தைன்னா மாமியார்தானே? அப்ப பாலிசியிலேயே இருக்கு. கூட இருந்து பாத்துக்க ரெண்டு நாள் தனி லீவு. பெத்தவங்க, வீட்டுக்காரர், பிள்ளைங்க, மாமனார் மாமியார்.”

ஆமாம் என்று தலையாட்டியிருந்தால் முடிந்திருக்கும். ஆபீஸில் யாருக்கும் கோர்ட் விஷயம் தெரியாது.

“இல்ல சார். அப்பாவோட தங்கச்சி.”

“அடடா. அது லிஸ்ட்ல வராதே.”

“பரவாயில்ல சார். என் லீவுல கழிச்சுக்கோங்க.”

ஜனவரி 7, புதன்

சரிசெய்தாகிவிட்டது. அழிப்பதற்கு இப்போது இரண்டு கட்டம். முதலில், சந்தேகத்துக்கு இடமான கோடுகளை எல்லாம் அழிப்பது. பிறகு, மிச்சம் இருக்கும் உண்மைகளை வைத்து விதிகளை இன்னொரு முறை ஓட்டி, நிற்க வேண்டியவற்றைத் திரும்பக் கொண்டுவருவது. போன வாரம் நான் முதல் கட்டத்தோடு நிறுத்தியிருந்தேன். டெஸ்ட்டும் அழிந்ததா என்று மட்டும்தான் பார்த்தது. அழியக்கூடாதது இருக்கிறதா என்று யாரும் பார்க்கவில்லை.

வாணி, ருக்குமணி, என்ன வேணும்? அத்தை. காரணம்: தந்தையின் சகோதரி.

ஜெரால்டு உற்சாகத்தில், “இந்தப் பொண்ணுக்கு முறைக்கு மாப்பிள்ளை யாராச்சும் இருக்கானான்னு பாப்போம்” என்று இன்னொரு குவெரியை ஓட்டினான். ஒரே ஒரு பெயர் வந்தது. நவநீதன், அத்தை மகன், முறை சரி, தற்போது மணமாகாதவர். ஜெரால்டு சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டான். தீர்த்துவிட்ட ஆளை மறுபடி காட்டக்கூடாது என்று ஒரு நிபந்தனை சேர்த்தேன்.

ஜனவரி 8, வியாழன்

தகவல் மையத்துக்கு விளக்கிக் காட்டினோம். திருப்தி என்றார்கள். அதற்கு முன்னால் டெஸ்ட் டேட்டாவில் பெயர்களை மாற்றிவிட்டேன்.

அப்பாவுக்கு போன் செய்து ஆபரேஷன் விஷயத்தைச் சொன்னேன். நாளைக்கு நான் போகிறேன் என்றும் சொன்னேன். “ம்” என்றார். அப்புறம் போர் மோட்டார் ரிப்பேர் ஆனதைப் பற்றிப் பேசினார்.

ஜனவரி 9, வெள்ளி

தலையணையோடு போனேன். அத்தை ஆஸ்பத்திரி கவுனில் சின்னதாகத் தெரிந்தார். தலையணையை வாங்கி அழுத்திப் பார்த்தார். பரவாயில்லை என்றார். என்னையும் ஏறிட்டுப் பார்த்தார். இளைச்சுட்டே என்றார். அவ்வளவுதான் பேச்சு. ஆபரேஷன் பதினோரு மணிக்கு என்றார்கள்.

நர்ஸ் ஃபைலோடு வந்தாள்.

“கூட இருக்கறது நீங்களா? பேஷண்டுக்கு என்ன வேணும் நீங்க?”

மூன்று வாரமாக இதே கேள்விக்குத்தான் விதி எழுதிக்கொண்டிருக்கிறேன். சொந்தம் என்று சொல்லிவிடலாமா என்று யோசித்தேன். அதற்குள் கட்டிலிலிருந்து சத்தம் வந்தது.

“என்ற மருமக.”

“மகனோட வொய்ஃபா?”

அத்தை என்னைப் பார்க்காமல் நர்ஸைப் பார்த்துச் சொன்னார்.

“எங்கண்ணன் மக. அண்ணன் மகள்னா மருமகதான். எழுதிக்கம்மா.”

எழுதிக்கொண்டாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். கொஞ்ச நேரம் அழுதேன். மறைப்பானேன்?

கல்லை எடுத்துவிட்டார்கள். மூன்று துளைதான், தையல் சின்னது. நல்லபடியாக முடிந்தது என்று அப்பாவுக்கு மெசேஜ் போட்டேன். பார்த்ததற்கான அடையாளம் வந்தது, பதில் வரவில்லை. சாயங்காலம் அத்தைக்கு மயக்கம் தெளிந்து, வாயைத் துணியால் நனைத்துவிட்டுக்கொண்டிருந்தபோது, இதைக் கேட்க இது நேரமில்லை என்று தெரிந்தும் கேட்டேன்.

“அன்னிக்கு ஏனுங்க அத்தை ஒரு வார்த்தையும் பேசலை?”

கண்ணைத் திறக்காமலே சொன்னார்.

“எதுன்னு பேசறது? அக்கட்ட நான் பெத்தவன். இக்கட்ட நீயும் எங்கண்ணனும். வாயத் தொறந்தா ஒரு பக்கம் போயிரும். கம்முன்னு இருந்தா ரெண்டும் நிக்கும்னு நெனச்சேன்.” உதட்டை ஈரப்படுத்திக்கொண்டார். “ரெண்டும் போயிருச்சு. நீ கூப்படற வரைக்கும் ஊட்டுக்கு ஒரு போன் வல்ல கண்ணு.”

சரியான பதிலா என்று எனக்குத் தெரியவில்லை. கோபம் முழுவதும் போய்விட்டது என்று எழுத மாட்டேன். துணியை மறுபடி நனைத்துக்கொண்டு வந்தேன்.

ஜனவரி 10, சனி

காலையில் இட்லி ஒன்றரை சாப்பிட்டார். சட்னியில் உப்பில்லை என்று ஆஸ்பத்திரியைத் திட்டினார். டாக்டர் நாளை வீட்டுக்குப் போகலாம் என்றார். வீடு என்றால் என் ஃபிளாட்தான், ஒரு வாரம் இருக்கட்டும் என்று நான் சொன்னேன். அத்தை மறுத்துப் பேசவில்லை. படி எத்தனை ஏறணும் என்று மட்டும் கேட்டார். லிஃப்ட் இருக்குதுங்க என்றேன்.

பத்து மணிவாக்கில் அப்பாவிடமிருந்து போன். கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தே எடுத்தேன். மோட்டார் சரியாகிவிட்டது என்றார். பனி அதிகம் என்றார். மோட்டார் மெக்கானிக்கைப் பற்றி இன்னொரு தடவை குறை சொன்னார்.

“கஞ்சி கிஞ்சி குடிச்சாளா?”

“யாருங்கப்பா?”

பின்னால் பஸ் ஹாரன், பேரம் பேசும் குரல்கள். வீட்டிலிருந்து பேசவில்லை. வழக்கமாகத் துணி எடுக்கும் ஈரோட்டு ஜவுளிக்கடைத் தெருவில் நிற்கிறார் என்று எனக்குப் புரிந்துவிட்டது.

“கேளு அவகிட்ட” என்றார். “சேலை என்ன கலர்னு.”

போனைக் கையால் மூடிக்கொண்டு கேட்டேன். மூட வேண்டிய அவசியமே இல்லை. அப்பா பேசினால் அடுத்த அறைக்கும் கேட்கும். அத்தை முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டார்.

“பச்சைதான் எடுப்பான். மூணு வருசமா அதே பச்சை. இந்த வாட்டியாவது அரக்கு எடுக்கச் சொல்லு.”

“அரக்கு வேணுமாமுங்கப்பா” என்றேன்.